விலக்குச் சீட்டு கேட்கிறார்கள். விலை கொடுப்பது யார்?



இந்த ஆண்டு நமது பால்வாடிச் சேர்க்கையின்போது மேசைமேல் ஒரு புது மாதிரியான காகிதம் வந்து விழுந்தது. பிறப்புச் சான்று இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, தகப்பனார் கையெழுத்தும் இருக்கிறது. தடுப்பூசி அட்டை மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு வரி: "எங்கள் சொந்த நம்பிக்கையின்படி குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லை. விலக்கு அளித்துச் சேர்த்துக்கொள்ளவும்." இப்படி ஒன்றல்ல, சில கடிதங்கள் வந்தன.

கடிதத்தைக் கண்டதும் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "பெற்றவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள், பொறுப்பு அவர்களுடையது. வாங்கி ஃபைலில் போட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், நமக்கேன் வம்பு?" என்பது ஒரு கட்சி. "அட்டை இல்லையா? வாசலோடு திருப்பி அனுப்புங்கள்" என்பது மறு கட்சி. முதல் கட்சி தன்னைத் தாராள மனம் என்று சொல்லிக்கொள்கிறது. இரண்டாவது கட்சி தன்னைக் கண்டிப்பு என்று சொல்லிக்கொள்கிறது. இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: பொறுப்பைக் கைகழுவுகின்றன. ஒன்று காகிதத்தை வாங்கிக் கழுவுகிறது. மற்றொன்று கதவைச் சாத்திக் கழுவுகிறது. குழந்தை அப்போதும் ஊசி போடாமல்தான் இருக்கிறது.

இந்த இரண்டு கட்சிக்கும் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2022-ஐ மறந்துவிட்டோமா?

நம் ஞாபகம் இவ்வளவு குறுகியதா? 2022 அக்டோபர், நவம்பர் மாதங்களில் இதே மும்பையில், கோவண்டியிலும் மான்குர்த் பக்கத்திலும் தட்டம்மை பரவிற்று. நம் ஊர்ப்பக்கம் மணல்வாரி என்பார்களே, அதேதான். கோவண்டியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 3 குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். மத்திய அரசின் குழு டில்லியிலிருந்து வந்து இறங்கியது. பரவலின் மையமாக இருந்தது மாநகராட்சியின் எம்-கிழக்கு வார்டு. நம் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழும் சீத்தா கேம்ப் எந்த வார்டில் இருக்கிறது? அதே எம்-கிழக்கில்தான். அது யாரோ எவரோ வீட்டுச் சாவு அல்ல. நம் தெருக்கோடியில் விழுந்த சாவு.

இறந்தவர்களில் ஊசி போடாத குழந்தைகள் இருந்தார்கள். ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தைகளும் இருந்தார்கள். இந்த இரண்டாவது வரியைத்தான் விலக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

தட்டம்மை–ரூபெல்லா ஊசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்த பிறகுதான். இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். அதாவது 5 மாதப் பிள்ளைக்கு ஊசியின் கவசம் இல்லை. அந்தப் பிள்ளையின் முக்கியமான கவசம் சுற்றியிருக்கும் பெரிய பிள்ளைகள்தான். அண்ணனோ அக்காளோ பால்வாடியிலிருந்து நோயைக் கொண்டுவந்தால், பத்துக்குப் பத்து அறையில் தொட்டிலில் கிடக்கும் சிசு எங்கே ஓடும்?

"என் பிள்ளைக்கு நான் போடவில்லை, அது என் விருப்பம்" என்கிறார் கடிதக்காரர். ஐயா, உங்கள் விருப்பத்துக்கு விலை கொடுப்பது அடுத்த வீட்டுத் தொட்டில்! அந்தத் தாயிடம் யாராவது கையெழுத்து வாங்கினார்களா?

நாற்பதில் இரண்டு இடம்

கணக்கைப் பார்ப்போம். தட்டம்மை காற்றில் பரவும் நோய். நோயுள்ள குழந்தை இருமிவிட்டு எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் கிருமி 2 மணி நேரம் வரை தங்கும். தடுப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேர் வரை தொற்ற வைக்க முடியும். இதைத் தடுக்க 100 பேரில் 95 பேராவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும்.

நம் பால்வாடி அறையில் 40 குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40-இல் 95 சதவிகிதம் என்றால் 38. மிச்சம் 2 இடம். ஊசி இல்லாமல் உட்கார இந்த அறை தாங்கக்கூடிய இடம் அவ்வளவுதான்.

அந்த இரண்டு இடம் யாருக்குச் சொந்தம்? ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த ஊசி போட முடியாது. அதன் உடம்பு தாங்காது. முன்பு இதே ஊசியால் கடுமையான ஒவ்வாமை வந்து உயிர் பிழைத்த பிள்ளைக்கும் போடக் கூடாது. ஊசி போட்டும் சக்தி பிடிக்காத பிள்ளைகள் நூற்றில் சிலர் எப்போதும் இருப்பார்கள். விதி பறித்துக்கொண்ட இவர்களுக்காக ஒதுக்கிய இடம் அது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அந்த விலக்கை இரண்டு கையாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. ஆனால் ஆரோக்கியமான பிள்ளையைப் பெற்றவர் "நம்பிக்கை" என்று எழுதி அந்த இடத்தில் துண்டு போடுகிறாரே, அது என்ன நியாயம்? ரயிலில் நோயாளிக்கு ஒதுக்கிய படுக்கையில் கல்லுப்போன்ற ஆள் ஏறிப் படுத்துக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சளி, லேசான காய்ச்சல், பல் முளைப்பது, பிள்ளை நோஞ்சானாக இருப்பது — இவை எதுவும் விலக்குக்குக் காரணம் ஆகாது. நோஞ்சான் பிள்ளைக்குத்தான் முதலில் போட வேண்டும். தட்டம்மை கொல்வது பெரும்பாலும் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும். சத்துக் குறைந்த பிள்ளையைத்தான் அவை முதலில் பிடிக்கும்.

"உரிமை" என்கிறார்களே?

கடிதம் எழுதுகிறவர்களில் படித்தவர்கள் சட்டத்தையும் துணைக்கு அழைக்கிறார்கள். "யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்கிறார்கள். சொன்னது உண்மை. 2022 மே 2-ஆம் தேதி, கொரோனா தடுப்பூசி வழக்கில் சொன்னது. அதற்கு முன்னால் 2019 ஜனவரியில் டில்லி உயர் நீதிமன்றம், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடக்கூடாது என்று உத்தரவிட்டதும் உண்மை. இந்த இரண்டையும் நாம் வரவேற்கிறோம். பிள்ளையைப் பிடித்து அமுக்கி ஊசி போடும் ராஜ்யம் நமக்கு வேண்டாம்.

ஆனால் அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பொது நன்மைக்காக நியாயமான, அளவுக்கு உட்பட்ட கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் சொல்கிறதே! பாதியைப் படித்துவிட்டு மீதியை மடித்து வைப்பது என்ன வாசிப்பு? உங்கள் பிள்ளையின் தோள் உங்களுடையது, மறுக்கவில்லை. 40 பிள்ளைகள் மூச்சு விடும் அறையின் காற்று உங்கள் ஒருவருடையது அல்லவே!

இந்த "விலக்கு" என்ற சொல்லே இங்கே பிறந்ததல்ல. 1853-இல் இங்கிலாந்தில் பெரியம்மை ஊசியைக் கட்டாயமாக்கினார்கள். எதிர்ப்பு வலுத்து 1898-இல் மனச்சாட்சியின் பேரால் விலக்கு கொடுத்தார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சொந்த நம்பிக்கைக்காக விலக்கு கொடுத்து வந்தார்கள். 2014 டிசம்பரில் டிஸ்னிலாந்தில் தொடங்கிய தட்டம்மை பரவிய பிறகு, 2015-இல் சட்டம் போட்டு அந்த விலக்கையே எடுத்துவிட்டார்கள். 2025-இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஊசி போடாத 2 குழந்தைகள் தட்டம்மையால் இறந்தார்கள். வசதி படைத்த தேசத்திலேயே இந்தக் கதி. அங்கே கிழித்தெறிந்த சீட்டை இங்கே தாராவிக்கு இறக்குமதி செய்கிறார்களா?

ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்று செல்போனில் படம் காட்டுகிறார்கள். அந்தப் புரளியின் மூலம் 1998-இல் ஒரு ஆங்கில மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. அதை வெளியிட்ட பத்திரிகையே 2010-இல் அதை ரத்து செய்தது. அதே ஆண்டில் அவருடைய மருத்துவர் பதிவும் பறிக்கப்பட்டது. பொய் செத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிரேதம்தான் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பயத்துக்கு மரியாதை உண்டு

இவ்வளவு காட்டமாக எழுதிய பிறகு இதையும் எழுதியாக வேண்டும். ஊசியைக் கண்டு பயப்படும் எல்லாத் தாயும் மூடத்தாய் அல்ல. நம் ஜனங்களின் பயத்துக்குச் சரித்திரம் இருக்கிறது.

சீத்தா கேம்ப் எப்படி வந்தது? 1976-இல், நெருக்கடி நிலையின்போது, ஜனதா காலனியை இடித்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றிச் சதுப்பு நிலத்தில் இறக்கியதால் வந்தது. அதே 1976-77-இல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. மகாராஷ்டிரச் சட்டமன்றம் கட்டாயக் கருத்தடை மசோதாவையே நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் இல்லாததால்தான் அது சட்டமாகவில்லை. வெள்ளைக் கோட்டுக்காரரைக் கண்டால் கதவைச் சாத்தும் பாட்டிமார் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள். அவர்களைச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை.

2008 ஏப்ரலில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட 4 குழந்தைகள் இறந்தன. அந்தச் செய்தி ஒவ்வொரு தமிழ்த் தாயின் வயிற்றிலும் நெருப்பாக விழுந்தது. 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி இயக்கம் வதந்திகளில் சிக்கித் தடுமாறியதற்கு அந்த நெருப்பும் ஒரு காரணம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அதை மறைத்துப் பேசுகிறவர்கள் அந்தத் தாயின் நம்பிக்கையை ஒருநாளும் பெற முடியாது.

ஆகவே பயப்படும் தாயிடம் நாம் சொல்ல வேண்டியது: கேள்வி கேள், அம்மா! ஊசியை மறுக்காதே, ஊசி போடுகிறவரை விசாரி. புட்டியை எத்தனை மணிக்குக் கலக்கினீர்கள் என்று கேள். தட்டம்மை மருந்தைக் கலந்த 4 மணி நேரத்துக்குமேல் யாருக்கும் போடக்கூடாது. ஊசியும் குழலும் புதியதா என்று கண்ணால் பார். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார். இது உன் உரிமை. கடிதக்காரரின் உரிமை அறையைக் காலி செய்கிறது. உன் உரிமை ஊசியைச் சுத்தமாக்குகிறது.

மாரியம்மன் பெயரைச் சொல்லி மறுக்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மை கண்ட வீட்டு வாசலில் நம் பாட்டி வேப்பிலை செருகினாளே, எதற்கு? வெளியார் உள்ளே வரக்கூடாது, வீட்டார் வெளியே போகக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரோடும் ஒட்டு உறவு கூடாது என்பதற்கு. ஊரார் பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாதே என்ற பொறுப்பு அந்த வேப்பிலையில் இருந்தது. ஊசியும் போடமாட்டேன், பிள்ளையை 40 பேர் நடுவில் உட்காரவும் வைப்பேன் என்பது எந்த ஆத்தாளின் கட்டளை? ஐம்பது வயது தாண்டியவர்கள் தோளைத் தடவிப் பாருங்கள்; பெரியம்மை ஊசித் தழும்பு இருக்கும். 1975-இல் இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளியைக் கண்டார்கள். அதன் பிறகு முகம் முழுக்கக் குழி விழுந்த ஒரு பிள்ளையைக் கண்டீர்களா? அந்தத் தழும்பின் பலன் அது.

உண்மையான காரணம் பல வீடுகளில் வேறு

கடிதம் கொடுத்தவர்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்தால், "நம்பிக்கை" என்பது பல இடங்களில் கடன் வாங்கிய சொல் என்று தெரியும். ஒரு தாய் சொன்னாள்: "நம்பிக்கையாவது ஒண்ணாவது, டீச்சர்! ஊசி போட்டா பிள்ளைக்கு ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். ரெண்டு நாள் நான் வேலைக்குப் போகலன்னா அந்த வீட்டம்மா வேற ஆளை வச்சிக்கிடுவா. இப்படி எழுதிக் கொடுத்தா சேத்துக்கிடுவாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு."

இதுதான் விஷயம். தலைப்பிரசவம் தாய் வீட்டில். பிள்ளை திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ பிறக்கிறது. பிறந்ததும் போடும் ஊசி அங்கே ஆகிவிடும். ஆறாவது வாரம் அங்கே. பதினான்காவது வாரம் ரயிலில். ஒன்பதாவது மாதம் மும்பையில், வேலை நெருக்கடியில். அட்டை ஊரில் பெட்டிக்குள் கிடக்கும். இங்கே ஹெல்த் போஸ்ட் வாசலில் "கோவர்" என்று மராத்தியில் எழுதி வைத்தால், அது தட்டம்மை என்று எத்தனை தாய்மாருக்குத் தெரியும்? ஊசி போடும் நேரம் பகல். நம் பெண்கள் வீட்டு வேலையில் இருக்கும் நேரமும் பகல். அட்டை இல்லை என்றால் ஏச்சு வேறு. இந்தத் தாய்க்கு விலக்கு எதற்கு? அவளுக்கு வேண்டியது ஒரு நாள் விடுப்பும், தமிழில் ஒரு வார்த்தையும், கூட வர ஒரு ஆளும்.

இவளிடம் விலக்குக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்வது தாராளமா? துரோகம்! இவளை வாசலோடு திருப்பி அனுப்புவது கண்டிப்பா? கொடுமை!

என்ன செய்ய வேண்டும்?

நிர்வாகக் குழுவின் முன் இந்த ஐந்தையும் வைக்கிறேன்.

ஒன்று: சொந்த நம்பிக்கையின் பேரால் வரும் எந்த விலக்குக் கடிதத்தையும் நம் பால்வாடி வாங்கக் கூடாது. மருத்துவர் எழுதிய விலக்கு மட்டுமே செல்லும்.

இரண்டு: அட்டை இல்லாததற்காக எந்தக் குழந்தையையும் முதல் நாளே திருப்பக் கூடாது. பெயரைப் பதிந்துகொண்டு 6 வாரம் தவணை கொடுக்க வேண்டும். அட்டை தொலைந்திருந்தால் பரவாயில்லை. ஒரு தவணை தட்டம்மை ஊசி கூடுதலாகப் போட்டால் கெடுதல் இல்லை. தவறவிட்ட பிள்ளைக்கு 5 வயது வரை அரசு ஊசி உண்டு. அதற்குக் காசு இல்லை. எந்த ஊர் ரேஷன் அட்டை என்பதும் தடையல்ல.

மூன்று: அந்த 6 வாரத்தில் நம் மகளிர் அணித் தோழியர் தாயுடன் ஹெல்த் போஸ்டுக்குப் போக வேண்டும். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ள முறை போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு ஆள் தர முடியாத சங்கத்துக்கு அட்டை கேட்கும் யோக்கியதை கிடையாது.

நான்கு: அவ்வளவும் செய்த பிறகும் மறுக்கிறவர்களுக்குச் சண்டையில்லாமல், மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும்: மனம் மாறும்வரை இந்த அறையில் இடமில்லை. ஆனால் பிள்ளையின் சோறு நிற்கக் கூடாது. 6 மாதம் முதல் 6 வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு தர வேண்டும் என்பது 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம். பெற்றவர் பிடிவாதத்துக்குப் பிள்ளை வயிற்றில் அடிக்கிற வேலை நமக்கு வேண்டாம். நம் பால்வாடிக் கஞ்சியையும் வீட்டுக்கே கொடுத்தனுப்புவோம்.

ஐந்து: தட்டம்மை பரவினால், ஊசி போடாத பிள்ளை, மருத்துவர் விலக்கு உள்ள பிள்ளை உட்பட, கடைசி நோயாளிக்குச் செம்புள்ளி கண்ட நாளிலிருந்து 21 நாள் வீட்டில் இருக்க வேண்டும். இது தண்டனை அல்ல. அந்தப் பிள்ளைக்கே பாதுகாப்பு.

மாநகராட்சியையும் விடப்போவதில்லை. மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எங்கள் குடியிருப்பில் ஊசி முகாம் வேண்டும். அறிவிப்பு தமிழிலும் வேண்டும். ஊருக்குப் போய்வரும் பிள்ளையின் கணக்கு இரண்டு மாநிலத்திலும் தொடர வேண்டும். ஊசியால் கெடுதல் நேர்ந்தால் விசாரணை அறிக்கை தாயின் கைக்கு வர வேண்டும். அங்கன்வாடித் தோழியரை வெறும் மதிப்பூதியத்தில் வைத்துக்கொண்டு எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் சுமத்தும் வழக்கம் ஒழிய வேண்டும்.

தோழர்களே! இந்த நகரத்தில் நமக்கென்று சொத்து இல்லை, சொந்தமில்லை. இட்லிப் பானையும், தோல் பட்டறையும், பிறர் வீட்டுப் பாத்திரமும்தான் பிழைப்பு. ஒரு அறையில் எட்டுப் பேர், ஒரு குழாயில் எண்பது குடம். ஒதுங்கி வாழ இடமிருக்கிறவர்கள் "என் விருப்பம்" என்று பேசலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. நாம் பிழைத்திருப்பதெல்லாம் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக்கொண்டதால்தான்.

அடுத்த சேர்க்கைக்கு வரும்போது கடிதம் கொண்டுவராதீர்கள். அட்டை இருந்தால் அட்டை. இல்லையென்றால் பிள்ளையைக் கொண்டுவாருங்கள். மிச்சத்தைச் சேர்ந்து செய்வோம்.